குவைத் மெஷின்

இந்தப் பக்கமாக வாருங்கள், பெனிட்டா மிஸ். சுவரை ஒட்டி. அந்தப் பேப்பர் மேல் பரப்பி வைத்திருப்பதை மட்டும் மிதித்துவிடாதீர்கள், ஒரு ஸ்க்ரூ காணாமல் போனாலும் அவர் வந்து என்னைத்தான் கேட்பார். கதவு தனி, உள்தட்டு தனி, அந்தக் கம்பி தனி. வீட்டுக்குள் நுழைகிற எல்லாரும் முதலில் ஃபிரிட்ஜ் ரிப்பேரா என்றுதான் கேட்கிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லை. டிஷ்வாஷர். பாத்திரம் கழுவுகிற மெஷின். என் மாமனார் குவைத்தில் இருந்தபோது கப்பலில் போட்டு அனுப்பியது, நான் பிறப்பதற்கும் முன்னால்.

தெரியும், சிஸ்டர் ஃபிலோ அனுப்பித்தான் வந்திருக்கிறீர்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் வருகிறேனா இல்லையா, இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். வரவில்லை என்றால் என் ஆறாம் வகுப்பு உங்களுக்கே நிரந்தரமாகிவிடும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. யாராவது ஒருவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். ஆனால் நான் வெறுமனே வருகிறேன், வரவில்லை என்று சொன்னால் உங்களுக்கும் புரியாது, சிஸ்டருக்கும் புரியாது. இந்த மெஷினைச் சொன்னால்தான் புரியும். டீ குடியுங்கள். டம்ளரைப் பற்றி யோசிக்காதீர்கள், நானே கொதிக்க வைத்தது.

பாப்பாவா? பின்னால் இருக்கிறாள், கோழி பார்க்க. புஷ்பக்கனி அக்கா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே பாத்திரம் தேய்க்கிற அக்கா. மாமி, என் மாமியார், கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர், என் வீட்டுக்காரர், ஹார்பரில். எலக்ட்ரீஷியன். அதுதான் வினையே. வேறு யாராவது என்றால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

ஜோவிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தது, உங்களுக்குத் தெரியும், அப்போதுதான் நான் லீவை நீட்டினேன். ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை. தலையில் ஒரு பக்கம் முடியைச் சிரைத்து அங்கே ஊசி ஏற்றினார்கள். அந்தத் தலையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "பால் பாட்டில் யார் கழுவுறா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவுமில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

யார் கழுவுகிறார்கள்? அந்த வாரம் அக்கா ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தார், நான்தான் கழுவினேன். அது சரி. ஆனால் பிரஷ் அக்கா கை பட்ட பிரஷ்தானே? நான் சொல்வது புரிகிறதா?

அன்றிலிருந்து கொதிக்க வைத்தேன். பாட்டில், மூடி, கிண்ணம், ஸ்பூன், அவள் வாயில் வைக்கிற ரப்பர் வாத்து. வாத்து உருகிப்போனது. கையெல்லாம் வெந்துபோனது, இதோ பாருங்கள், இது அந்தத் தழும்பு. ஒத்தாசைக்கு ஒரு ஆள் இல்லை, மிஸ். மாமி பிள்ளையைத் தூக்க வந்தால், கையைக் கழுவிவிட்டு வாங்க மாமி என்றேன். இதில் என்ன தப்பு? கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்றார். இன்னொரு தடவை கழுவினால் என்ன குறைந்துவிடும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் அம்மா மணப்பாட்டிலிருந்து வந்தார், ஒரு மாதம் இருக்கிறேன் என்று. பஸ்ஸில் வந்த சேலையோடு கட்டிலில் உட்காராதீங்க என்று சொன்னதற்கு மறுநாளே பையைத் தூக்கிவிட்டார். எல்லாரும் இப்படித்தான். ஒரு பிள்ளையை வளர்க்கிறவளுக்குக் கூட நிற்க யாருமே இல்லை.

அப்படியிருக்க நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? நான் இருந்தால் கொதிக்க வைப்பேன். நான் போய்விட்டால் கொதிக்க வைத்தேன் என்று சொல்வார்கள். சொல்வதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம். அப்போதுதான் அவர் மெஷினைப் பற்றிச் சொன்னார். உள்ளே தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகுமாம். பட்டனைத் தட்டினால் போதுமாம், யார் தட்டினாலும் ஒரே மாதிரிதான் கழுவுமாம். எனக்கு அது பிடித்தது. மனிதர்கள் அலுத்துக்கொள்வார்கள், மறந்துவிடுவார்கள், பொய் சொல்வார்கள். மெஷின் பொய் சொல்லாது. நான் அவரிடம் சொன்னேன், இது ஓடட்டும், ஜோவி இதில் கழுவின தட்டில் மட்டும் சாப்பிடட்டும், நான் ஜூனில் வேலைக்குப் போகிறேன். வார்த்தை கொடுத்தேன்.

இந்த மெஷின் இந்த வீட்டில் ஒரு நாள்கூடப் பாத்திரம் கழுவியதில்லை. மாமனார் அனுப்பிய காலத்தில் தூத்துக்குடியில் குழாயில் தண்ணீர் வந்தால் திருவிழா. குடத்தில் மொண்டு ஊற்றினால் அது கழுவுமா? முன் அறையில் நிறுத்தி, லேஸ் துணி விரித்து, மாதா சுரூபத்தைக் கண்ணாடிக் கூண்டோடு மேலே வைத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கிறிஸ்மஸ் குடில் பொம்மைகள். மேல்தட்டில் இடையர்கள், கீழ்தட்டில் ஒட்டகம். தட்டு நிற்க வைக்கிற கம்பிகளுக்கு நடுவில் மூன்று ராஜாக்கள் வரிசையாக. நன்றாகத்தான் இருந்தது என்று வையுங்கள்.

பீடத்தைக் கலைக்கக் கூடாது என்று மாமி ஒரே பிடிவாதம். லீவுல வந்தப்ப மாமா கையால வச்ச இடம் என்றார். கடைசியில், மெஷின் ஓடட்டும், மாதா மேலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. முன் அறையிலேயே. அதனால்தான் மிஸ், குளியலறையிலிருந்து இங்கே வரைக்கும் இந்தக் குழாய். எத்தனை பேர் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

அவருக்கோ சந்தோஷம். ஹார்பரிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதற்கு மீன் கண்டெய்னர் கதவு ரப்பரை வெட்டிப் பொருத்தினார். தட்டுக் கம்பியெல்லாம் துரு, ஒவ்வொரு கம்பிக்கும் வயர் மேல் போடுகிற குழாயை மாட்டிச் சூடு காட்டி ஒட்டினார். உள்ளே தண்ணீர் பீச்சுகிற விசிறி மாதிரி ஒன்று சுற்றும், அதன் துளைகளை என் தையல் ஊசியால் குத்திக் குத்தித் திறந்தார். முதுகுப் பக்கம் பஞ்சுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். திருகுகிற குமிழ் ஒன்று உண்டு, கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று தானே நகரும், அது நகர்ந்த அன்றைக்கு, ஜெசி, இங்க வா, இங்க வா, அப்பா கேக்குதா பாரு என்றார். இறந்துபோன அவருடைய அப்பாவுக்குக் கேட்கிறதா என்று. நான் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் இடுக்கியுமாகக் கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னால் நிற்கிறேன். எனக்கு எப்படி இருக்கும்?

முதல் ஓட்டத்தில் துணி சோப்புத்தூளைப் போட்டுவிட்டார். கதவிடுக்கு வழியாக நுரை வந்தது பாருங்கள், நடை, படி, தெரு வரைக்கும். எதிர்வீட்டு ரொமால்ட் அண்ணன் வெளியே வந்து நின்று, "என்ன லிகோரி, கடல் உங்க வீட்டுக்குள்ள வந்துட்டோ?" என்றார். அதற்கும் இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகுதான் அந்த உப்பு.

நம்மூர்த் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அப்படிப்பட்ட தண்ணீரை மிருதுவாக்குவதற்கு மெஷின் அடியில் ஒரு அறை, அதில் உப்புப் போட வேண்டும். சும்மா உப்பு இல்லை. அதற்கென்றே சுத்தம் செய்த உப்பு, டப்பாவில் விற்கிறது. அவர் ஃபோனில் பார்த்து வரவழைக்கப் போனார். மாமி விட்டாரா? "தண்ணியில உப்பு இருக்குன்னு அதுல உப்பப் போடச் சொல்லுது, அது ஒரு கூத்து. இதுல ஊருக்கே உப்பு அனுப்புத தூத்துக்குடியில உக்காந்துக்கிட்டு டப்பா உப்பு வாங்குவியோ? அண்ணன் கேட்டா சிரிச்சே செத்துருவான்." மாமியின் அண்ணனுக்கு உப்பளம். மறுநாளே சைக்கிளில் ஒரு சாக்கு வந்து இறங்கியது, பாத்தியிலிருந்து அப்படியே, ஈரத்தோடு, சாம்பல் நிறத்தில். அவரும் நம்ம உப்பு என்று கையில் அள்ளிப் பார்த்தார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கடல் உப்பில் கிருமி இருக்காதே.

மாமி சிலுவை போட்டுவிட்டுத் தன் கையாலேயே கொட்டினார்.

ஓடியது, மிஸ். உண்மையாகவே ஓடியது. கதவைத் திறந்தால் வெள்ளையாக ஆவி. கிண்ணம் கையைச் சுட்டது. நான் அந்தக் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓடும்போது மேலே கண்ணாடிக் கூண்டு கிடுகிடுவென்று ஆடும். "ஏளா, மாதா நடுங்குதாவ" என்று மாமி ஓடி வந்து, ஓடி முடிகிற வரைக்கும் ஒரு கையால் மெஷினையும் ஒரு கையால் கூண்டையும் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்வார். தினமும் அப்படித்தான். நான் பீரோவிலிருந்து காட்டன் சேலைகளை எடுத்து இஸ்திரி போட்டேன். சிஸ்டருக்கு ஃபோன் செய்து வந்துவிடுவேன் என்று சொன்னேன். உங்களுக்குக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

கொஞ்ச நாளில் தட்டில் வெள்ளைப் படலம். அப்புறம் மெஷின் ஓடுகிறபோதெல்லாம் வீடு முழுக்கக் கரன்ட் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பார்த்தார். வெளியே வந்து, சரியாயிட்டு என்றார். "ஓடி முடிஞ்ச உடனே திறந்திராத, ஆவி அடிச்சிரும். ஒரு மணி நேரம் கழிச்சு அக்காவ எடுக்கச் சொல்லு. நீ பிள்ள கிட்ட இரு." என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கரன்ட் போகவே இல்லை. தட்டில் படலமும் இல்லை, பளபளவென்று இருந்தது. ஜோவி அந்தத் தட்டில்தான் இட்லி சாப்பிட்டாள், பருப்புச் சாதம் சாப்பிட்டாள். இரண்டு பல் வந்தது. தவழ்ந்தாள். நான் இரவில் தூங்க ஆரம்பித்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்படித் தூங்கி.

போன வாரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவிலேயே கரன்ட் போனது. மாமி கடைக்குப் போயிருந்தார். அரைகுறையாக நின்றால் பாத்திரம் கெட்டுப்போகுமே என்று, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தள்ளி நின்று கதவைத் திறந்தேன். ஆவி வரவில்லை. கையை விட்டேன். குளிர்ந்த தண்ணீர், மிஸ். குழாயிலிருந்து வருகிற பச்சைத் தண்ணீர். ஜோவியின் கிண்ணத்தை எடுத்தேன், அதன் விளிம்பில் ஒரு தேங்காய் நார்.

நார் எப்படி மெஷினுக்குள் வரும்? யாராவது தேய்த்து உள்ளே வைத்தால்தானே வரும்?

ஆமாம். மாமி கொட்டிய உப்பில் இருந்த சேறும் பொடிக்கல்லும் அந்த அறையையே அடைத்துச் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. மிருதுவாகாத தண்ணீர் போய்ப் போய்ச் சூடேற்றுகிற கம்பி மேல் சுண்ணாம்பு கட்டி, வெடித்து, அதில்தான் கரன்ட் கசிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததெல்லாம் என்ன, அந்தக் கம்பிக்குப் போகிற வயரைத் துண்டித்துவிட்டார். அவ்வளவுதான். மெஷின் சத்தம் போடும், தண்ணீர் பீச்சும், குமிழ் டிக் டிக் என்று நகரும். சூடு மட்டும் ஏறாது. அதனால் அக்கா தட்டையெல்லாம் முதலில் நாரால் தேய்த்துக் கழுவி, என் கண்ணுக்காக மெஷினுக்குள் அடுக்கி, ஓடி முடிந்ததும் எடுத்து மறுபடி அலசித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். இத்தனை நாளும். ஒரே தட்டை இரண்டு தடவை.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "ஹீட்டரப் போட்டா வீடு முழுக்க கரன்ட் போகுது, ஜெசி. நீ அத்தன நாளைக்கப்புறம் சிரிச்ச. நான் போயி எப்படிச் சொல்ல?" என்றார்.

மாமியைக் கேட்டேன். "மேல கைய வச்சிக்கிட்டு நிக்கவளுக்குத் தெரியாதா? ஐஸ் கணக்கா இருந்திச்சு" என்றார். தெரிந்தும் தினமும் வந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா வாசல் வரை போய்த் திரும்பி, "நான் கழுவுனதுலதான, டீச்சரம்மா, பிள்ளைக்குப் பல்லு வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எப்படிக் கேட்கிறார் பார்த்தீர்களா?

எல்லாரும் இதையே சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லைதான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், எடை கூடியிருக்கிறது என்றார், அடிக்கடி வராதீங்கம்மா என்றார். அதுவா கேள்வி? நான் யாரை நம்புவது, அதுதான் கேள்வி. ஒரு வீடே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் அவள் நன்றாக இருந்திருக்கிறாள். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

நாம் இரண்டு பேரும் ஒரே கான்வென்டில்தான் படித்தோம். காலையில் வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார்கள், கர்சீப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? என் நகத்துக்கு ஒரு நாளும் அடி விழுந்ததில்லை. சுத்தமாக இருந்தால் ஒன்றும் வராது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பியவள் நான்.

இப்போது மறுபடி கொதிக்க வைக்கிறேன். பகல் முழுக்க அதுதான் வேலை. இந்தக் காலத்தில் இந்த மெஷினுக்கு ஹீட்டர் எங்கேயும் கிடைக்காது, செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். அவர் அளவெடுத்துக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் செய்யச் சொல்லியிருக்கிறார். உப்பு அறையை உளியால் கொத்திக் கொத்தி எடுக்கிறார், அதுதான் அந்தப் பேப்பரில் வெள்ளையாகக் கிடக்கிறது. டப்பா உப்பும் வாங்கியாகிவிட்டது. மாமி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. ஹீட்டர் எப்போது வரும் என்று அவரைக் கேட்டால் வரும் என்கிறார். ஜூனுக்குள் வருமா என்றால் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

எழுந்திருக்கிறீர்களா? இருங்கள். நேரமாகிவிட்டதுதான், பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மெஷினையே பேசிக்கொண்டிருக்கிறேன். இருங்கள், மிஸ்.

என்ன பார்க்கிறீர்கள்?

தெரியும். உட்காருங்கள். உங்கள் இடத்திலிருந்து பின்வாசல் நேராகத் தெரியும். என் நாற்காலியிலிருந்து தெரியாது. நான்தான் இப்படித் திருப்பிப் போட்டேன், நீங்கள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும். கோழி பார்க்க என்று அக்கா தூக்கிக்கொண்டு போனபோது முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போனார். தட்டாகத்தான் இருக்கும். அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்ததோ, இங்கே கழுவினதோ. எதில் சாப்பிடுகிறாள் என்று சொல்லாதீர்கள். எது என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

மூன்று நாளாக நான் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், மிஸ். ஸ்பூனைக் கொண்டுபோனாலே என் முகத்தைப் பார்த்து அழுகிறாள். என் முகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

நான் எழுந்து போனால் அக்கா தட்டை மறைத்துவிடுவார். பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். அதனால்தான் எழுந்திருக்கவில்லை. ஹீட்டர் வருகிற வரைக்கும்தான், அப்புறம் எல்லாம் முறைப்படி மெஷினில்தான், அதில் மாற்றமில்லை. சிரிக்கிறாளா? சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கிறாள், இல்லையா? எனக்குக் கேட்கிறது.

சிஸ்டரிடம் வருகிறேன் என்றே சொல்லிவிடுங்களேன். இல்லை, இருங்கள், இப்போதே போய்விடாதீர்கள். நீங்கள் போய்விட்டால் நான் எழுந்துவிடுவேன், என்னால் முடியாது. அவள் சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருங்கள், மிஸ். மெஷினைப் பற்றியே கேளுங்கள்.